ஞாயிறு கோயில், திங்கள் பள்ளிக்கூடம்



பொங்கல் எல்லோர் வீட்டிலும் நல்லபடியாகக் கழிந்திருக்கும். "டீச்சர் ஆறு மாசம் அமெரிக்கா போய்ட்டு வந்தாங்க, நயாகரா படம் போட்டதோட சரி, ஒண்ணும் எழுதலையே" என்று 1992 செட் பிள்ளைகள் வாட்ஸாப் குழுவில் கேட்டிருந்தீர்கள். எழுத ஒரு விஷயம் இருந்தது. அது ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். போன வாரம் வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என் சின்ன மகளை உங்களில் பலருக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் என் கூடவே பள்ளிக்கு வந்து, என்னையே "டீச்சர்" என்று கூப்பிட்டவள். இப்போது ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். பத்து வருஷம் அங்கே ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்த்தாள். சொந்தமாக ஒன்று ஆரம்பிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பெரிதாக இல்லை. மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 24 பிள்ளைகள், இரண்டு வகுப்பு, மத்தியானம் வரைக்கும்.

அவள் தெருமுனையில் ஒரு பழைய தேவாலயம். ஒரு காலத்தில் கூட்டம் நிரம்பி வழியுமாம். இப்போது ஞாயிற்றுக்கிழமை நாற்பது தலை தெரிந்தால் அதிகம், அதிலும் பாதி என் வயசு. கூரை ஒழுகுகிறது, செப்பனிடக் காசு இல்லை. பின்பக்கம் ஞாயிறு வகுப்புக்கான இரண்டு அறைகள் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கின்றன. குட்டி நாற்காலிகள், குட்டி மேசைகள், பிள்ளைகள் உயரத்துக்குக் கை கழுவும் தொட்டிகூட இருக்கிறது. போதகரம்மாவே வந்து, "இங்கே நடத்தேன். நீ தரும் வாடகையில் எங்கள் கூரையும் நிற்கும்" என்று சொல்லியிருக்கிறார்.

நான் போன மே மாதம் போய் இறங்கிய மறுநாள் அந்த அறைகளைக் காட்டினாள். எனக்கு ஒரே சந்தோஷம். "அப்புறம் என்னடி? பெருக்கித் துடைச்சு நாளைக்கே ஆரம்பிச்சுட வேண்டியதுதானே" என்றேன்.

"நீ நினைக்கிற மாதிரி இல்லம்மா. ஸோனிங் அனுமதி வாங்கணும்" என்றாள்.

ஸோனிங் என்றால் என்ன என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. உங்களுக்கு ஒரு வரியில் சொல்கிறேன். நம்ம ஊரில் மனை வாங்கும்போது "டி.டி.சி.பி. அப்ரூவ்டா?" என்று கேட்கிறோம் இல்லையா? அந்த நகர் ஊரமைப்புத் துறை, எது குடியிருப்பு, எது கடைவீதி, எது தொழிற்சாலை என்று வரைபடத்தில் பிரித்து வைத்திருக்கும். அதே சங்கதிதான். ஆனால் அங்கே அது ரொம்பக் கறார். தேவாலயம் இருப்பது வீடுகளுக்கான பகுதி. அந்தப் பகுதியில் தேவாலயம் இருக்கலாம் என்று ஏற்கெனவே அனுமதி உண்டு. மழலையர் பள்ளி என்பது வேறு பயன்பாடு. அதற்குத் தனியாக, நிபந்தனைகளோடு கூடிய அனுமதி வாங்க வேண்டும். ஊர்த் திட்டக் குழு பொதுவில் விசாரணை வைத்து, அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டுத்தான் அதைக் கொடுக்கும்.

இந்த மாதிரிப் பிரிப்பதற்கு அங்கே "யூக்ளிடியன்" என்று ஒரு பெயர். ஜியோமிதி யூக்ளிட்தான் என்று நினைத்தேன். மகள் சிரித்தாள். அவள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் யூக்ளிட் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் 1922-இல் இப்படி ஒரு சட்டம் போட்டது. அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஒரு நில வணிக நிறுவனம், எங்கள் நிலத்தில் என்ன செய்வது என்று நீ எப்படிச் சொல்லலாம் என்று வழக்குப் போட்டது. அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1926-இல் ஊர் பக்கம் தீர்ப்பானது. அதிலிருந்து நாடு முழுக்க இந்த முறைக்கு அந்த ஊர்ப் பெயர். நான் நினைத்ததும் முழுக்கத் தப்பில்லை. அந்தக் காலத்து நில அளவையாளர்கள் கணித மேதை யூக்ளிடின் நினைவாகத்தான் ஊருக்கே அந்தப் பெயரை வைத்தார்களாம்.

இதுவாவது பரவாயில்லை. கட்டட விதி என்று ஒன்று வந்தது பாருங்கள், அதுதான் எனக்கு எரிச்சல் மூட்டியது. ஞாயிறு காலை ஆராதனை நடக்கும்போது அதே அறைகளில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அது தேவாலயத்தின் ஒரு பகுதி என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதே பிள்ளைகள் திங்கட்கிழமை அதே நாற்காலியில் உட்கார்ந்தால் அது கல்விக் கட்டடம். வகையே மாறிவிடும். அதற்குத் தனி ஆய்வு, தனிச் சான்று. இரண்டரை வயதுக்குக் கீழே பிள்ளைகளைச் சேர்த்தால் அதற்கு இன்னொரு வகை, இன்னும் கடுமை. அதனால்தான் மூன்று வயது என்று வைத்திருந்தாள்.

"சுவர் அதே சுவர், புள்ளை அதே புள்ளை. கிழமை மாறினா கட்டடம் மாறிடுமா? என்ன கூத்துடி இது" என்று நான் சத்தம் போட்டேன். மாப்பிள்ளை, "அத்தை, நீங்க வந்து அந்தக் கமிட்டியில பேசுங்க" என்று கிண்டல் செய்தார்.

ஜூன் மாதம் முழுக்க அந்த வீட்டில் இதே பேச்சுதான். வரைபடம் போட்டார்கள். கார் நிறுத்த எத்தனை இடம் என்று எண்ணினார்கள். ஒரு பிள்ளைக்கு 35 சதுர அடி வேண்டும் என்பது கணக்கு. இரண்டு அறையும் சேர்ந்து 880 சதுர அடி, 24 பிள்ளைகளுக்கு 840 போதுமே என்று நிம்மதியாக இருந்தோம். அளக்க வந்தவர் சுவர் அலமாரி, கை கழுவும் இடம், நடைவழி எல்லாவற்றையும் கழித்துவிட்டு 650 என்று எழுதினார். வகுத்துப் பாருங்கள், 18 பிள்ளைகள்தான் ஆகும். ஆறு பிள்ளைகளின் கட்டணம் அந்த இடத்திலேயே போயிற்று. மகள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அப்புறம் போக்குவரத்து. காலையில் அந்தத் தெருவில் எத்தனை கார் போகிறது என்று கணக்கு வேண்டும். எனக்குத்தான் வேலை இல்லையே. நோட்டை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்குத் தேவாலயப் படியில் உட்கார்ந்துவிடுவேன். நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு. நான் வருகைப் பதிவு போட்ட மாதிரியே அங்கே கார்களுக்குப் போட்டேன்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பெரியவர் வந்து நின்றார். எண்பது வயது இருக்கும். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது. தேவாலயப் புல்தரையில் நகராட்சி விசாரணை அறிவிப்புப் பலகை நட்டிருந்தது. அதைக் காட்டி, "நான் எதிர்த்துப் பேசப் போகிறேன்" என்றார். சரி என்று தலையாட்டினேன். போகத் திரும்பியவர் நின்று, தன் வீட்டு வாசலைக் காட்டினார். அவர் மனைவி படுத்த படுக்கை. இரண்டு தடவை ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. ஒரு தடவை தேவாலயத்தில் ஏதோ விசேஷம், தெரு முழுக்கக் கார். ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் திணறியிருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் கை நடுங்கியது.

அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னேன். அவள் அதற்கு முன்பே, அவர் என்ன சொன்னால் என்ன பதில் சொல்வது என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் வரைபடத்தை எடுத்தாள். பிள்ளைகளை இறக்கிவிடுவது முன்தெருவில் என்று போட்டிருந்ததை அடித்துவிட்டு, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்தத்துக்கு மாற்றினாள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வழி. முன்தெருவில் ஒரு கார்கூட நிற்காது.

ஜூலையில் விசாரணை. நானும் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். குழுவில் ஐந்து பேர். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். சத்தம் வரும் என்றார் ஒருவர். வீட்டு விலை இறங்கும் என்றார் ஒருவர். ஓர் அம்மா எழுந்து, "இவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று யாராவது விசாரித்தீர்களா?" என்று கேட்டார். என் மகள் தலை குனிந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். எனக்கு நெஞ்சு அடைத்தது.

குழுத் தலைவர் சத்தம் போடவில்லை. நாங்கள் பார்ப்பது இந்த நிலம் எதற்குப் பயன்படப் போகிறது என்பதை மட்டும்தான், யார் பயன்படுத்துகிறார் என்பதை அல்ல, அடுத்தவர் பேசலாம் என்றார். அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியம் சும்மா வந்ததில்லை என்று பிறகு மகள் சொன்னாள். வெள்ளையர் தெரு, கறுப்பர் தெரு என்று பிரித்துச் சட்டம் போட்ட ஊர்கள் அங்கே இருந்திருக்கின்றன. 1917-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதற்கப்புறமும் சுற்றி வளைத்துப் பல ஊர்கள் அதையே செய்தன. வரைபடத்தில் கோடு போடும் அதிகாரம் இருந்தால் அதை வைத்து ஆளையும் ஒதுக்கலாம். சேரியும் ஊரும் தனித்தனியாக இருக்கும் மண்ணிலிருந்து போன எனக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவரும் எழுந்தார். சொன்னபடி எதிர்த்துத்தான் பேசினார். ஆனால் ஆம்புலன்ஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பின்வழியை நிபந்தனையாக எழுதினால் தனக்கு அந்தக் கவலை குறையும் என்றார். குழு ஒரு மாதம் தள்ளிவைத்தது. ஆகஸ்டில் நாலுக்கு ஒன்று என்று அனுமதி கிடைத்தது. 18 பிள்ளைகள், பின்வழி மட்டும், ஒன்பது மணிக்கு முன் வெளியே விளையாடக் கூடாது. செப்டம்பரில் திறக்கிற பள்ளி, அனுமதியே ஆகஸ்ட் கடைசியில் வந்தால் என்ன செய்வது? பெயர் கொடுத்த மூன்று குடும்பங்கள் வேறு பள்ளிக்குப் போய்விட்டன.

அதோடும் முடியவில்லை. கட்டட ஆய்வாளரும் தீயணைப்பு ஆய்வாளரும் வந்தார்கள். ஓர் அறையிலிருந்து நேராக வெளியே போகக் கதவு இருந்தது. இன்னோர் அறையில் சன்னல்தான். சன்னல் இருக்கிற இடத்தை இடித்துக் கதவு வைக்க வேண்டும் என்றார்கள். உள்ளிருந்து ஒரு தள்ளுத் தள்ளினால் திறந்துகொள்கிற கதவு. மாப்பிள்ளை பழைய காரை மாற்றச் சேர்த்து வைத்திருந்த பணம் அதற்குத்தான் போயிற்று.

அன்று மகள் உடைந்துபோய்விட்டாள். "ரெண்டு அறை, 18 புள்ளைங்க, தரைத்தளம். இதுக்கு இன்னொரு கதவாம்மா?" என்று அழுதாள். ஜூன் மாதம் நான் போட்ட சத்தத்தை இப்போது அவள் போட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று அவளுக்கு அன்று ராத்திரி சொன்னேன். இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், மாதா கோயில் மதிலை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது ஞாபகம் இருக்கிறதா? பாலர் வகுப்பு அங்கேதான் நடந்தது. உங்களில் பாதிப் பேர் அதில்தான் "அ" எழுதினீர்கள். வாசல் பக்கம் சத்துணவு அடுப்பு, விறகு அடுப்பு. பின்பக்கம் ஒரு படல். அந்தப் படலைத் தள்ளிக்கொண்டு ஆடுகள் உள்ளே வந்து பிள்ளைகள் தட்டில் வாய் வைக்கும். ஒருநாள் எனக்குக் கோபம் வந்து, கம்பி போட்டுப் படலை இறுக்கிக் கட்டினேன். நான்தான் கட்டினேன். வேறு யாரும் இல்லை. அதற்கப்புறம் அதை யாரும் அவிழ்க்கவில்லை. 43 பிள்ளைகள், ஒரே வாசல், அந்த வாசலில் எரிகிற அடுப்பு. கொட்டகைக்கு யாரும் அனுமதி கேட்கவில்லை, யாரும் வந்து பார்க்கவும் இல்லை. "எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடத்தினோம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம். நம்ம ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். சமையல் அறைத் தீ கீற்றுக் கூரையில் பிடித்து 94 பிள்ளைகள் போனார்கள். அன்று சாயங்காலம் நாம் எல்லோரும் எப்படி இருந்தோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் நான் கட்டிய கம்பிதான் தெரிந்தது. மறுநாள் விடிந்ததும் குறடு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கம்பி துருவேறிப் படலோடு ஒட்டியிருந்தது. வெட்டி எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பெரியவள் எனக்கே அந்தக் கால் மணி நேரம். அதன் பிறகு அரசாங்கம் பள்ளிகளில் கீற்றுக் கூரையே கூடாது என்றது, கொட்டகையும் போயிற்று. கம்பி விஷயத்தை உங்கள் சாரிடம்கூட நான் சொன்னதில்லை.

இதைக் கேட்டுவிட்டு மகள் வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கிளீவ்லாண்டில் லேக் வியூ என்கிற கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு நினைவுச் சின்னம். 1908 மார்ச் 4, அந்த நகரத்தை ஒட்டிய காலின்வுட் என்ற ஊரில் பள்ளிக்கூடம் தீப்பிடித்து 172 பிள்ளைகளும், இரண்டு ஆசிரியைகளும், காப்பாற்றப் போன ஒருவரும் இறந்திருக்கிறார்கள். கூரை அல்ல, செங்கல் கட்டடம். பின்வாசலை நோக்கி ஓடிய பிள்ளைகள் படிக்கட்டு அடியில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து நெருக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிக் கட்டடங்களுக்கு எத்தனை வாசல், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்றெல்லாம் நாடு முழுக்கக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்களாம்.

அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது எனக்குக் கும்பகோணம்தான் கண்ணில் வந்தது. கிழமை மாறினால் கட்டடம் மாறுமா என்று கேட்டேனே, அதற்குப் பதில் அங்கே கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா பக்கத்து மண்டபத்தில் இருக்கிறார்கள். ஏதாவது ஆனால் ஓடி வந்து தூக்குவார்கள். திங்கட்கிழமை அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். அன்று அந்தப் பிள்ளைக்கு இருப்பது டீச்சரும் கதவும்தான்.

எல்லா விதியும் நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் முடிய வேண்டியதை ஐந்து மாதம் இழுத்தது அநியாயம்தான். அந்த அம்மா கேட்ட கேள்வியும் இன்னும் வலிக்கிறது. ஆனால் அந்த ஐந்து மாதத்தில், ஆம்புலன்ஸ் வராத ஒரு வீட்டைப் பற்றி எங்களுக்குத் தெரியவந்தது. ஒரு சுவரில் வாசல் வந்தது. நான் கொட்டகை நடத்தியபோது இந்த இரண்டையும் என்னிடம் கேட்க ஆள் இல்லை.

நவம்பரில் நான் திரும்பிவிட்டேன். பள்ளி திறந்ததைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. போன வாரம் திறந்தாள். இப்போதைக்கு 11 பிள்ளைகள்தான் சேர்ந்திருக்கிறார்கள். கடன் அடைய நாளாகும். எதிர்வீட்டுப் பெரியவர் வந்து வாழ்த்தவில்லை, ஆனால் பார்த்தால் கை உயர்த்துகிறாராம்.

முதல் நாள் காலை வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே முழங்கால் உயரம் பனி. கையில் மண்வெட்டி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு புதுக் கதவுக்கு முன்னால் பனியை அள்ளிக்கொண்டிருந்தாள். "உள்ள வர்ற வழி அந்தப் பக்கம்தானேடி?" என்று கேட்டேன். "இது வெளிய போற வழிம்மா. இத அள்ளிட்டுத்தான் புள்ளைங்கள உள்ள விடுவேன்" என்றாள்.

பிள்ளைகளா, உங்களில் சிலர் பிளே ஸ்கூல் நடத்துகிறீர்கள். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சான்று என்று அலைகிற அலைச்சல் எனக்குத் தெரியும். சிலர் அந்தச் சான்றில் கையெழுத்துப் போடும் இடத்திலேயே இருக்கிறீர்கள். மற்ற எல்லோரும் பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ ஏதோ ஒரு வகுப்பறையில் விட்டுவிட்டு வருகிறீர்கள். நாளைக் காலை விடப்போகும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அந்த வகுப்பறையின் இரண்டாவது கதவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இருந்தால், கையால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால் விடாதீர்கள். கேளுங்கள். ஆடு வருகிறது என்று யாராவது சொல்வார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்